குச்சியில் குருவி இல்லை

ஞாயிற்றுக்கிழமை நரிக்குடிக்குச் சித்தப்பா சாவுத் துட்டிக்குப் போன கோகிலாம்பாள், மூணாம் நாள் பால் தெளித்து முடியாமல் ஊர் திரும்ப மாட்டாள் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவள் புருஷன் அருஞ்சுனை, திங்கட்கிழமை சாயங்காலம் கடையைப் பாதியில் சாத்திவிட்டு மருமகன் நல்லமுத்துவோடு தோட்டத்துப் பக்கம் கமுக்கமாகப் போனது அந்தத் தைரியத்தில்தான்.

ஆனால் செத்துப்போன சித்தப்பாவைவிட உயிரோடு இருக்கிற வெள்ளரிக்கொடி அவளைப் பிடித்து இழுத்துவிட்டது. "பசு இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது" என்று துட்டி வீட்டில் வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை விடியுமுன்னே முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

திருச்சுழியில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. மகள் வடிவு வாழ்க்கைப்பட்ட வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். சண்முகவடிவு என்று பேர் வைத்து, வாயில் நுழைந்தது வடிவு. தலைப்பிரசவம், எட்டு மாசம். இறங்கி ஓர் எட்டுப் பார்த்துவிடலாமா என்று கால் துறுதுறுத்தது. துட்டி வீட்டிலிருந்து வருகிறவள் வாயும் வயிறுமாக இருக்கிறவள் முகத்தில் விழிக்கலாமா? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அருப்புக்கோட்டையில் பஸ் மாறி, பாலவனத்தத்தில் இறங்கும்போது மணி எட்டு.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே தோட்டம். துட்டிக்குப் போய் வந்த உடம்போடு செடிக்குள் கால் வைக்கக் கூடாது என்று பம்புசெட்டுத் தொட்டியில் சேலையோடு தலைக்கு ஊற்றினாள். ஒரு செம்பு, ரெண்டு செம்பு. மூன்றாவது செம்பைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

சத்தம் இல்லை.

இந்த நேரத்துக்குக் கரிச்சான் குருவிகள் கத்துகிற கத்தலில் பக்கத்தில் பேசுவது கேட்காது. செடிகளுக்கு மேலே ரெண்டு முழ உயரத்தில், குறுக்குக் கம்பு கட்டிய குச்சிகள் பதினாறை அவள்தான் ஊன்றி வைத்திருந்தாள். கரிச்சானும் மைனாவும் அதில் வந்து உட்காரும். உட்கார்ந்தபடியே கீழே பார்க்கும். புழு அசைந்தால் போதும், ஒரே பாய்ச்சல். "இவுகதேன் நம்ம ஆளுக. கூலியும் கேக்க மாட்டாக, கொழம்பும் கேக்க மாட்டாக" என்று அவள் சிரிப்பாள்.

பதினாறு குச்சியும் மொட்டையாக நின்றன.

போன வருஷம் சுருட்டை நோய் வந்து வட்டாரத்து மிளகாய்ச் செடியெல்லாம் கோழி இறகு மாதிரி முறுக்கிக்கொண்டபோது, இவளுடைய அறுபது சென்ட் மட்டும் பச்சையாக நின்றது. பொம்பளை ஏதோ செய்வினை வைத்திருக்கிறாள் என்றுகூடப் பேசினார்கள். செய்வினையாவது ஒன்றாவது! வெளியிலிருந்து காற்றில் வருகிற பூச்சியை மறிக்கத் தோட்டத்தைச் சுற்றி நாலு வரிசை சோளம். சோளத்தைத் தாண்டி வருகிற தாய்ப்பூச்சி முட்டையிடட்டும் என்று அங்கங்கே ஒரு ஆமணக்கு. முட்டை வைத்த இலையை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டால் ஆயிரம் புழு ஒரே நெருப்பில் போச்சு. பனி ஈரம் காயுமுன் அடுப்புச் சாம்பல். வாரம் தவறாமல் வேப்பங்கொட்டையை இடித்து ஒரு ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைத்துத் தெளிப்பு. சுருட்டை கண்ட செடியை மட்டும் ஈவு இரக்கம் பார்க்காமல் வேரோடு பிடுங்கிக் கொளுத்துவாள். கத்தரியில் ஒரு குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். அதை ஒடித்து ஓலைக் கொட்டானில் போட்டுக்கொண்டு வந்தால்தான் அவளுக்குக் காப்பி இறங்கும்.

இன்றைக்கு எந்தக் குருத்தும் வாடியிருக்கவில்லை. இலையெல்லாம் திட்டுத் திட்டாக வெள்ளை பூத்திருந்தது. மண்ணெண்ணெயும் இன்னும் ஏதோ ஒன்றும் கலந்த நெடி மூக்கில் ஏறியது.

குனிந்து பார்த்தாள். கத்தரிச் செடியடியில் ஒரு கும்பிடுபூச்சி, கூப்பிய கையோடு மல்லாந்து கிடந்தது. கொஞ்சம் தள்ளி ஏழெட்டுத் தேனீ. சோள வரிசை ஓரத்தில், ரெட்டைவால் விரிந்தபடி ஒரு கரிச்சான். அலகில் பாதிப் புழு.

"ஏ பிச்ச!"

வரப்புக்கு அந்தப் பக்கம் களைக்கொத்தோடு உட்கார்ந்திருந்த பிச்சையம்மாள் எழுந்திருக்கவில்லை. பத்து வருஷமாக இந்தத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவள். அக்கா வந்தால் ஓடிவந்து கையில் இருக்கிறதை வாங்குகிறவள்.

"என்ன அடிச்சீக இதுல?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா."

"தெரியாதவ எதுக்கு மொகத்தைத் திருப்புற? பாரு இங்க."

பிச்சையம்மாள் பார்த்தாள். பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

"அண்ணாச்சிதேன்க்கா. மருமகப்பிள்ளையும் வந்தாக. நேத்து பொழுது சாய முதுகுல டப்பாவை மாட்டிக்கிட்டு அவுகளே அடிச்சாக. டின்னுல மண்டையோடு படம் போட்டிருந்துச்சு. ஒரு மூடி போதும்னு எழுதியிருக்காம், பளிச்சுன்னு தெரியணும்னு மூணு மூடி ஊத்துனாக. அக்காகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக."

"யாரு மேல சத்தியம்?"

"உங்க மேலதேன்."

கோகிலாம்பாள் சிரித்தாள்.

இருபத்திரண்டு வருஷம் ஒரே இலையில் சாப்பிட்ட மனுஷன். அவள் துட்டி வீட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே விஷத்துக்கு மூடி திறந்திருக்கிறார்.

அப்போதுதான் கண் வெள்ளரிக்கொடிப் பக்கம் போனது. அந்த வலி எல்லாம் சின்னதாகிப்போனது. கொடியில் பிஞ்சு ஒன்றுகூட இல்லை.

"முதப் பறிப்பு எங்க பிச்ச?"

"நீங்கதானக்கா சொல்லிட்டுப் போனீக? செவ்வாக்கெழமை விடிய முதப் பறிப்பு பறிச்சு திருச்சுழிக்கு அனுப்பிருன்னு. ஒரு கூடை பறிச்சு ஆறரை பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட குடுத்து விட்டேன். நீங்க சொன்னபடிதேன் செஞ்சேன்!"

சொன்னது அவள்தான். முதல் பறிப்பு மகள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். வீட்டில் யாரும் வாயில் வைக்கக் கூடாது. அதோடு அவளுக்கு ஒரு கர்வமும் உண்டு. ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்: "எங்க தோட்டத்துக் காயைக் கழுவுறது காய்க்கு அவமானம். முந்தானையில தொடைச்சுட்டுக் கடிங்க." வடிவு பால் பல் விழுந்த காலத்திலிருந்து அப்படித்தான் தின்று வளர்ந்தாள். கூடையை இறக்கி வைக்குமுன் ஒன்று கடிபட்டுவிடும்.

அருப்புக்கோட்டைக்கு வெளியே, எதிரே ஒரு திருச்சுழி பஸ் அவள் பஸ்ஸை உரசிக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. கூடை அதில்தான் போயிருக்கும்.

ஈரச் சேலையோடு ரோட்டுக்கு ஓடினாள்.

*

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் வரிசையில் அருஞ்சுனையின் பலசரக்குக் கடை. திருச்சுழி பஸ் கிளம்ப ஐந்து நிமிஷம் இருந்தது. அந்த ஐந்து நிமிஷத்துக்குத்தான் அவள் கடைக்குள் ஏறினாள்.

சோம்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். தராசுத் தட்டு தடாலென்று இறங்கியது.

"என்ன கோகிலா, மூணாம் நாள் முடியலையே..."

"தோட்டத்துக்குப் போயிட்டு வாரேன்."

சோம்பு வாங்க வந்தவரைப் பார்த்து ஒரு அசட்டுச் சிரிப்பு சிரித்தார். "யாவார நேரம். வீட்ல போய்ப் பேசுவோம்."

"இங்கனயே பேசுவோம். எதுக்கு அடிச்சீக?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மருமகப்பிள்ளைக்குப் பூச்சி மருந்து ஏஜென்சி ஒண்ணு தகையிற மாதிரி இருக்கு. வியாழக்கெழமை மருதையிலேர்ந்து கம்பெனி ஆளு வாராரு. அவுக மருந்தை அடிச்ச தோட்டம் ஒண்ணு காட்டணும். இந்தச் சுத்துக்கு நம்ம தோட்டத்தைத் தூக்கி அடிக்கிற தோட்டம் ஏது?"

"நல்லா இருக்கிற தோட்டத்துக்கு மருந்து எதுக்கு?"

"மருந்தாலதான் நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு."

சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். சோம்பு வாங்க வந்தவர் மெல்லத் திண்டில் இறங்கி வேடிக்கை பார்க்கத் தோதான இடத்தில் நின்றுகொண்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"கேட்டா விடுவியா?"

"விட மாட்டேன்."

"அதான் கேக்கல."

"நல்ல நியாயம்ங்க. திருடப் போறவன்கூட இவ்வளவு சுத்தமா நியாயம் பேச மாட்டான்."

"இந்தா, வார்த்தையை அளந்து பேசு. எனக்கா செஞ்சுக்கிட்டேன்? நம்ம பிள்ளை பொழைக்கத்தானே?"

"அந்தப் பிள்ளைக்குத்தான் இப்பப் போயிருக்கு, ஒரு கூடை வெள்ளரி. இன்னைக்கு விடியப் பறிச்சது. நேத்து நீங்க அடிச்ச கொடியில."

அருஞ்சுனையின் முகம் வெளுத்துப்போனதை அவள் பார்த்தாள். அவருக்குத் தெரியாது. இந்த ஒன்று மட்டும் அவருக்குத் தெரியாது. அந்த மட்டுக்கும் ஒரு சின்ன ஆறுதல். அதுவும் வேலமரத்து நிழல் மாதிரி, நின்றால் முள் குத்தியது.

"யாரு அனுப்பச் சொன்னா?"

"நாந்தேன். என் தோட்டம் விஷமாகும்னு எனக்குச் சோசியமா தெரியும்?"

கல்லாவை அப்படியே போட்டுவிட்டு அவரும் ரோட்டில் இறங்கி ஓடிவந்தார். பஸ் உறுமத் தொடங்கியிருந்தது. அவள் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பதறாத கோகிலா. வடிவு அதைத் தொட மாட்டா."

"ஏன் தொட மாட்டா? வெள்ளரின்னா உசிரை விடுறவ, ஏன் தொட மாட்டா?"

வாயைத் திறந்தார். மூடினார். கண்டக்டர் விசில் ஊதினார். கம்பியிலிருந்து அவர் கை நழுவியது.

இருபது கிலோமீட்டரும் அந்த மூடிய வாய் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

*

திருச்சுழியில் சம்பந்தி வீட்டு வாசலில் கால் வைக்கப் போனபோது, செல்லக்கிளி கதவு நிலையில் ரெண்டு கையையும் ஊன்றி மறித்துக்கொண்டாள். வடிவின் மாமியார். நல்ல மனுஷிதான், சாத்திரம் என்று வந்தால் மட்டும் தாசில்தார்.

"அங்கயே நில்லுங்க மதினி. துட்டிக்குப் போயிட்டு மூணு நாள் கழியாம இந்த வாசல் மிதிக்கலாமா? உள்ள எட்டு மாசக்காரி இருக்கா. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"தலைக்கு ஊத்திட்டேன் மதினி. வடிவைக் கூப்பிடுங்க. ஒரே ஒரு கேள்வி."

"குளிச்சாப் போறதுக்கு அது என்ன வேர்வையா? நாளன்னைக்கு வாங்க, தலைவாழை போட்டு விருந்து வைக்கிறேன்."

"வடிவூ!"

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். "வடிவூ! கூடையில வந்த வெள்ளரியைத் தின்னியாடி?"

வடிவு வெளியே வந்தாள். நிறைவயிற்றைத் தாங்கினாற்போல ஒரு கை இடுப்பில். அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் மலரவில்லை.

"இல்லம்மா. திங்கல."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட."

கோகிலாம்பாள் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். எந்தச் சாமிக்கு என்ன நேர்ந்துகொண்டாள் என்று அவளுக்கே தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான், பஸ்ஸில் பாதியில் நின்ற அந்தக் கேள்வி மறுபடி எழுந்தது.

"ஏன் திங்கல?"

வடிவு முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

"கூடையைக் கீழ வைக்க விடமாட்ட. ஏண்டி திங்கல?"

"மருந்தடிச்ச காயின்னு எனக்குத் தெரியும்மா."

"உனக்கு யாரு சொன்னா?"

வடிவு ஒருதரம் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிற மாதிரி, படி இறங்கி வந்தாள்.

"யாரும் சொல்லலம்மா. நாந்தான் அப்பாவுக்குச் சொன்னேன். நீ துட்டிக்குப் போயிருக்க, மூணு நாளைக்கு வர மாட்ட, அடிக்கிறதா இருந்தா இப்பவே அடிங்கன்னு நாந்தான் எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி விட்டேன்."

தெரு முழுக்க வெயில். கோகிலாம்பாள் தரையில் கையை ஊன்றி எழுந்தாள்.

"எத்தனை நாளைக்கும்மா மாமனாரு கையையே பாத்துக்கிட்டு இருக்கிறது? அவரு கடையில நாலு ஆம்பளை, இவுக அஞ்சாவது ஆளு. பிள்ளை பொறந்தா ஒரு சட்டைத் துணிக்குக்கூடக் கேட்டு வாங்கணும். ஏஜென்சி வந்தா அருப்புக்கோட்டையில தனிக் கடை, தனி வீடு. வேற யாரு தோட்டத்தைக் காட்டினாலும் ஊரு நம்பாது. உன் தோட்டம்னா நம்பும்."

"தனி வீடா?" என்றாள் செல்லக்கிளி. அவளுக்கு இது புதுச் சேதி. "இது எப்ப முடிவாச்சு? எங்கிட்ட எதுக்குடி மறைச்சீக?"



"ஊரு நம்புறதைத்தானா வித்தீக, எல்லாரும் சேந்து?" என்றாள் கோகிலாம்பாள். கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரில் யாராவது ஒரு அந்நியன் வேண்டும். "சரி. கூடையைக் கொண்டா. குழி வெட்டிப் புதைக்கணும்."

வடிவு நகரவில்லை. செல்லக்கிளிதான் சொன்னாள்.

"கூடையா? அது எப்பவோ காலி. பிள்ளைத்தாச்சிக்குத் தாய் வீட்டுலேர்ந்து வந்த முதப் பறிப்பை நாலு வீட்டுக்குப் பங்கு வைக்காம இருப்பாகளா? தெருவுல ஆறு வீட்டுக்குக் கொடுத்தேன். எங்க வீட்டுப் பங்கு அடுப்படியில கிடக்கு, இவதான் வேணாம்னுட்டா. வாய்க்குப் பிடிக்கலையாக்கும்னு நான் நெனைச்சேன்."

கோகிலாம்பாள் மகளைப் பார்த்தாள்.

"உன் கண்ணு முன்னாலயா கொடுத்தாக?"

"அம்மா..."

"பாத்துக்கிட்டா இருந்த?"

"சொன்னா எப்படித் தெரியும்னு அத்தை கேப்பாகள்ல? ஏஜென்சி விசயம் வெளிய வந்துருமே. எல்லாரும் கழுவித்தானே திம்பாகன்னு..."

"என் தோட்டத்துக் காயை யாருடி கழுவுவா?"

வடிவு தலையைக் குனிந்துகொண்டு அழத் தொடங்கினாள். வழக்கமாக அந்த அழுகைக்கு அம்மாவின் கை தானாக நீளும். இன்றைக்கு நீளவில்லை.

அடுப்படியில் கிடக்கிற காயை யாரும் தொடக் கூடாது என்று செல்லக்கிளியிடம் சொல்லிவிட்டு, முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"வெள்ளரிக்காயைத் திங்காதீக. கொடுங்க, திருப்பிக் கொடுங்க. அதுல மருந்து அடிச்சிருக்கு."

"எதுல?"

"எங்க தோட்டத்துக் காயில."

வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். "நீங்க ஒரு ஆளு! உங்க தோட்டத்துலயாவது மருந்தாவது! பங்கு பத்தலன்னு திருப்பிக் கேக்குறீகளா?"

"சத்தியமாத்தான் சொல்றேன்மா. கையைக் கழுவிட்டுக் கொடுங்க."

இத்தனை வருஷமாக எந்த வாயால் பெருமை பேசினாளோ அதே வாயால் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனாள். எங்கள் காயில் விஷம். எங்கள் காயில் விஷம். ஒருத்தியும் லேசில் நம்பவில்லை. மூன்றாவது வீட்டில் ஒரு கிழவர், "பொம்பளைக்குத் துட்டி வீட்டுல காத்துக் கருப்பு அடிச்சிருச்சு" என்று திருநீறு எடுக்க உள்ளே போனார். அவர் வருவதற்குள் உறியிலிருந்த காயை அவளே எடுத்துக்கொண்டாள். நாலாவது வீட்டில் பிள்ளை கையிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது; நல்லவேளை, இன்னும் கடிக்கவில்லை. வீல் என்று கத்தியது. ஐந்தாவது வீட்டில் சாயங்காலம் பச்சடிக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள்.

ஆறாவது வீடு பூட்டிக் கிடந்தது.

"சின்னச்சாமி பொண்டாட்டி முத்திருளாயி வீடுதானே? களையெடுக்கப் போயிட்டாளே!" என்றாள் பக்கத்துத் திண்டில் முறத்தோடு இருந்தவள். "கண்மாய்க்கு அந்தப் பக்கம் மல்லிக் காட்டுல இருப்பா. கஞ்சிக்குக் கடிச்சுக்கிறேன்னு அந்தக் காயை மடியில கட்டிக்கிட்டுத்தான் போனா. கைப்பிள்ளைக்காரி, பசி தாங்க மாட்டா பாவம்."

கோகிலாம்பாள் கண்மாய்க் கரையைப் பார்த்து நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வடிவு.

"நில்லும்மா. நானும் வாரேன்."

"நீ வராத." அவள் திரும்பவில்லை. "யாருகிட்டயும் சொல்லாம இருக்கத்தான் உனக்கு நல்லாத் தெரியுமே. இங்கனயே இரு."

செருப்புச் சத்தம் நின்றுவிட்டது.

கரை மேல் ஏறியபோது உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. கீழே கரிசல் காட்டில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். நடுவில் கருவேல மரத்துக் கிளையில் ஒரு தூளி ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் கஞ்சிக் கலயத்தோடு ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"முத்திருளாயி! தின்னாத! அதைத் தின்னாத தாயீ!"

எதிர்க்காற்று. சத்தம் பாதியிலேயே சிதறியது. இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினாள்.

முத்திருளாயி கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தாள். கரையிலிருந்து ஓடி வருகிற ஆள் யாரென்று தெரிந்ததும் அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. ஒரு கையால் தூளியை விலக்கிப் பிள்ளையை எடுத்து மாரில் போட்டுக்கொண்டாள். மற்றக் கையை உயரத் தூக்கிக் காட்டினாள். அதிலிருந்த காயில் கால்வாசிதான் மீதி இருந்தது.

"உங்க தோட்டத்துக் காயிதேன்க்கா! தேனா இருக்கு!"